இன்னொரு வாட்ச்

சிம்பாங் பூலாயில் போன் கடை வைத்திருக்கும் அனுஜாவிடம் புஷ்பலதா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு வாரமாக அது அவருடைய போனோடு இணையவில்லை.

அனுஜா போனில் புளூடூத் பட்டியலைத் திறந்தாள். வேறொரு வாட்ச் ஏற்கெனவே இணைந்திருந்தது. அதன் பெயர் பத்துமலை.

“இது யாரோடதுக்கா? இதுதான் உங்களோடத சேர விடமாட்டேங்குது லா.”

“என் வீட்டுக்காரரோடது. அது அவரு பேருதான். அவருகிட்ட பட்டன் போன்தான் இருந்துச்சி, அதனால என் போன்லயே சேர்த்து வச்சோம். போன மாசம், கைல கட்டினபடியே அவர சுங்கை சிப்புட் ஊர்ல பொதைச்சிட்டோம்.”

அனுஜா அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினாள். மூன்று நொடியில் அது திரும்பி வந்து இணைந்துகொண்டது. புளூடூத் பத்து மீட்டருக்கு மேல் எட்டாது. சுங்கை சிப்புட்டோ நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. கடையில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள்.

பெயருக்குப் பக்கத்தில் பேட்டரி அளவு தெரிந்தது. நூறு சதவீதம்.

“இந்த வாட்ச் ரெண்டு நாளைக்கு மேல தாங்காதேக்கா. வீட்டுல யாராச்சும் சார்ஜ் போடுறாங்களா?”

“வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன்.” புஷ்பலதா போனைத் தன் பக்கம் திருப்பி அந்த எண்ணைப் பார்த்தார். “ரெண்டு வாட்சுக்கும் ஒரே சார்ஜர்தான் தங்கச்சி. அது என் தலைமாட்டுல இருக்கு.”