எழுபத்தொன்றாவது பாலம்

"பாலம் வர்றதுக்கு முன்னாடி சொல்லுவியா அண்ணே?"

சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த ஆறு வயதுத் துவான் கேட்ட கேள்வி அது. சொல்கிறேன் என்று தலையாட்டிய கியென், மூங்கில் பாலம் வந்தபோது வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. பாலம் ஆடியது. தம்பி அலறினான், கால்சட்டை நனைந்தது. ஊர் ஒரு வாரம் சிரித்தது.

இப்போது கியெனுக்கு ஐம்பத்தெட்டு வயது. சாப்பாட்டு மேசை முழுக்க லாவோஸ் வரைபடத்தை விரித்து, மூக்குக் கண்ணாடி நழுவ நழுவ, பாலங்களை எண்ணிக்கொண்டிருந்தார். சிப்பாயாக லாவோஸுக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகியும் திரும்பாத துவானை, வியட்நாமியரின் தெத் புத்தாண்டுக்குள் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். வருடப் பிறப்புச் சாப்பாட்டில் இந்தத் தடவையாவது அவன் இடம் வெறுமையாக இருக்கக் கூடாது.

தேநீரை வைக்க இடமில்லாமல் நின்றாள் மனைவி ஹான். போக நானூறு கிலோமீட்டர், வர நானூறு, அத்தனையும் மலை. பஸ்ஸில் போனால் என்ன என்று அவள் கேட்டது இது பத்தாவது முறை.

"சின்ன வயசுலேருந்து அவன் என் பின்னாடிதான் உட்காருவான்" என்றார் கியென்.

"உங்க முட்டியும் அந்த ரஷ்ய வண்டியும் ஒரே வயசு. எது முதல்ல மக்கர் பண்ணுதுன்னு பார்க்கலாம்."

அந்த மின்ஸ்க் மோட்டார் சைக்கிளைத்தான் வாசலில் பாவ் பிரித்துப் போட்டிருந்தான். சந்தைப் பக்கம் புதிதாகக் கடை போட்டிருக்கும் மெக்கானிக். கை துடைத்துக்கொண்டு தேநீருக்கு வந்தவன், வரைபடத்தை எட்டிப் பார்த்தான். வருகிற வழிக்கென்று போட்ட கோட்டில் மட்டும் எழுபத்தொரு சிவப்புப் புள்ளிகள்.

"போற வழியில ஒண்ணுகூடக் காணோமே மாமா. போகும்போது ஆத்துல நீந்திப் போவீங்களா?"

"போகும்போது நான் மட்டும்தானேப்பா. பாலம் பயம் அவனுக்குத்தான்."

"ஒரு பாலத்துல சொல்லாம விட்டாலும் துவான் அங்கேயே நின்னுடுவாரு" என்றாள் ஹான். "இவரை நம்பவும் முடியாது. பழைய கேடி."

பாவ் சிரித்தான். திரும்பும்போது இரண்டு பேர் என்றால் பின் சக்கரத்து ஸ்பிரிங்குகளை இறுக்க வேண்டுமே, தம்பி என்ன எடை இருப்பார் என்று விசாரித்தான்.

"இறுக்க வேண்டாம். அவன் லேசான ஆளு."

"முப்பது வருஷம் லாவோஸ்காரங்க ஒட்டரிசிப் பசைச்சோறு சாப்பிட்டவருக்குத் தொப்பை இருக்காதா?"

"அவனுக்கு வராது."

ஹானும் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

அடுப்பருகே ஒரு கம்பளித் தொப்பியும் இரண்டு புட்டி மீன்சாறும் கட்டிவைக்கப்பட்டிருந்தன. அவை கம்லா என்ற லாவோஸ் விவசாயிக்கு. தன் வயலோரத்தில் துவானுக்கு இடம் கொடுத்து, இத்தனை வருடமும் சொந்தத் தம்பியைப் போலப் பார்த்துக்கொண்டவர் அவர். யாரையோ பிடித்து வியட்நாமிய மொழியில் கடிதம் எழுதிப் போட்டவரும் அவரே. சொந்தங்களால் முடியாததைச் செய்ய, கடவுள் சில நேரம் முகம் தெரியாத ஒருவரை அனுப்பிவிடுகிறார்.

மறுநாள் காலையில் கியென் கிளம்பினார். சட்டைப்பையில் எல்லை தாண்ட அவருக்கு ஒரு தாள், வண்டிக்கு ஒரு தாள், துவானுக்குச் சிவப்பு முத்திரையோடு ஒரு தாள்.

"பாலத்தை மறந்துடாதீங்க" என்றாள் ஹான். "அன்னைக்கு மாதிரி ஏமாத்தாதீங்க."

போய்ச் சேர இரண்டு நாளானது. கம்லா தொப்பியை வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டார். ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியவில்லை. இருவரும் வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிரியும்போது வழிக்கு வைத்துக்கொள்ள ஒரு கூடை பசைச்சோறு கொடுத்தார் கம்லா.

திரும்பும் வழியில் தூறல் விடவில்லை. வண்டி இரண்டு இடத்தில் நின்றது, கியெனின் முட்டி நாலு இடத்தில் நின்றது. ஆனாலும் ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்துத் தம்பியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். சாப்பிட நிறுத்திய இடங்களிலெல்லாம் சோற்றில் அவனுக்கும் ஒரு பங்கு வைத்தார். எல்லை தாண்டி, மலை இறங்கி, எழுபதாவது பாலமும் முடிந்தது.

எழுபத்தொன்றாவது, ஊர் எல்லையில் வாய்க்கால் மேல் இருப்பது. அன்றைய மூங்கில் போய்ச் சிமெண்டு வந்து வெகுகாலமாகிவிட்டது. இனி அது ஆடாது. மத்தியான மழைக்குப் பயந்து வயலில் ஒருவரும் இல்லை.

கியென் வண்டியை நிறுத்தினார். கையைப் பின்னால் கொண்டுபோய், சீட்டில் கட்டியிருந்த சிறிய சுடுமண் பெட்டியைத் தடவினார். உள்ளே எலும்புகள் அசையாமலிருக்க, சுற்றியிருந்த சிவப்புத் துணியை இன்னும் ஒரு முடிச்சு இறுக்கினார்.

"துவான், பாலம் வருதுடா. அண்ணனைக் கெட்டியாப் பிடிச்சுக்க."