நகராத அண்ணன்

"சத்தம் போடாத லூபே. வெளிய பெஞ்சுல உங்க அண்ணன் வந்து உக்காந்துட்டார்."

நர்ஸ் வீகா திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

"எந்த அண்ணன்?"

"ஐசாயாதான். மரியாதைக்குக் கட்டற பாயை இடுப்புல சுத்திக்கிட்டு, சர்ச்ல முதல் வரிசையில உக்கார்ற மாதிரி உக்காந்திருக்கார்."

"இங்க அவருக்கு என்ன வேலை?"

"முட்டிவலின்னுதான் சொல்றார். மாத்திரையும் கொடுத்தாச்சு. நகர மாட்டேங்கறார்."

புதன்கிழமையில் பெண்கள் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு எதற்கு வருவார்கள் என்பது ஹாபாய் தீவில் மீனுக்குக்கூடத் தெரியும். முழங்கைக்கு மேலே தோலுக்கடியில் இரண்டு மெல்லிய குச்சி. ஐந்து வருஷத்துக்குப் பிள்ளை கிடையாது.

லூபேவுக்கு ஏற்கெனவே ஐந்து. கடைசிப் பிரசவத்தில் ஓடிய ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லிவிட்டார்: இன்னொன்று வந்தால் தாய் தங்கமாட்டாள். அதைக் கணவன் மனாசேயிடம் சொன்னபோது, "குச்சி வெச்சுக்கறவ எவ தெரியுமா? கண்டவனோட சுத்திட்டு மாட்டிக்காம இருக்கணும்னு நினைக்கறவ" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிட்டான். இன்று விடியற்காலையில் அவன் மீன்பிடிப் படகு கிளம்பியது. அந்தத் தைரியத்தில்தான் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும்போதே நர்ஸின் பின்னால் நுழைந்திருந்தாள். வெளியே போகவும் அந்த ஒரு வழிதான்.

அந்த வழியில் இப்போது ஐசாயா.

எங்கள் தீவுகளில் அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் டி.வி.கூடப் பார்ப்பதில்லை. கர்ப்பம், பிரசவம், புருஷன் பெண்டாட்டி சமாசாரம் எதுவும், தங்கை பக்கத்தில் இருக்கும்போது அண்ணன் காதில் விழக் கூடாது. விழுந்தால் அண்ணன் எழுந்து போய்விட வேண்டும். பேசியவன் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. சின்ன வயதில் ரேடியோவில் காதல் பாட்டு வந்தாலே ஐசாயா எழுந்து பன்றிகளுக்குத் தீனி வைக்கப் போய்விடுவார். அவர்கள் வீட்டுப் பன்றிகள் அப்படிக் கொழுத்ததற்கு அதுதான் காரணம்.

அப்பேர்ப்பட்ட மனிதர், புதன்கிழமையும் அதுவுமாக, இந்த வாசலில் நகராமல் உட்கார்ந்திருக்கிறார்.

"யாரோ சொல்லிட்டாங்க" என்றாள் லூபே. "என்னைக் கையும் களவுமாப் பிடிச்சு மனாசேகிட்ட ஒப்படைக்கத்தான் வந்திருக்கார். நான் அடுத்த புதன் வரேன் வீகா."

"அதுக்குள்ள ஆறாவது வந்து உள்ள உக்காந்துட்டா? பேசாம கையை நீட்டு."

மரத்துப்போக ஊசி போட்டு, முதல் குச்சியை வீகா உள்ளே தள்ளியபோது வாசலில் லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. கதவை அறையும் சத்தம். அந்தக் கை அறைகிற கனம் லூபேவுக்குத் தெரியும்.

"படகு போகலையா?" என்றாள் வீகா.

"மனாசேயோட சித்தி பொண்ணு வழியில என்னைப் பாத்தா. போன் பண்ணியிருப்பா."

"எங்கடி இருக்க? வெளிய வா!" மனாசேயின் செருப்பு தடதடவென்று படியேறியது. ஏறிய வேகத்தில் நின்றது.

"வாங்க மச்சான்." ஐசாயாவின் குரல்.

"நீங்களா... நீங்க எங்க இங்க?"

"முட்டிவலி. நீங்க கடலுக்குப் போகலியா?"

"போனேன், பாதியில திரும்பிட்டேன். லூபே இங்க வந்திருக்கான்னு..."

"வந்தா என்ன?"

"இல்ல, அவ எதுக்கு வந்திருக்கான்னா..."

"எதுக்கு?"

லூபே கண்களை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை. அதை மட்டும் மனாசே சொல்லிவிட்டால், புருஷனும் போனான், அண்ணனும் போனார்.

திரைக்கு அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பழைய மீனைப் புதுசு என்று கொண்டுவந்தவன், வாங்குகிறவர் அதை மூக்கருகே தூக்கும்போது விடும் மூச்சு.

"சொல்லுங்க மச்சான். உள்ள இருக்கறது என் தங்கச்சி. எதுக்கு வந்திருக்கா?"

"...தலைவலின்னு."

"அப்ப நேரமாகும். உக்காருங்க."

பெஞ்சு முனகியது.

"அம்மா அவளப் பாக்கணும்னு சொல்றாங்க. பிள்ளைகளோட இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன். ஒரு மாசம் இருக்கட்டும்" என்றார் ஐசாயா. "நடுவுல திருப்பிக் கூப்பிடறதா இருந்தா, என்ன அவசரம்னு எங்கிட்ட வெளக்கமாச் சொல்லிட்டுக் கூப்பிடுங்க."

"சரி மச்சான்." மனாசேயின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

இதற்குள் இரண்டாவது குச்சியும் உள்ளே போய், கட்டும் போட்டாகிவிட்டது. லூபே சட்டைக் கையை இழுத்து அதை மறைத்தாள். பயம் இன்னும் தெளியவில்லை.

"வீகா, அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதில்ல? தெரிஞ்சா ஜென்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்க மாட்டார்."

வீகா அவள் காதருகே குனிந்தாள்.

"போன பிரசவத்துல நீ நினைவில்லாமக் கெடந்தப்ப உனக்கு ரத்தம் கொடுத்தது அவர்தான். டாக்டர் சொன்னதும் அவர் காதுல விழுந்துது. அதுக்கப்புறம் நாலு மாசமா, நீ எந்தப் புதன்கிழமை வருவேன்னு கேக்க வாய் வராம, ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த பெஞ்சுல வந்து உக்காந்துட்டுப் போறார்."