மரத்தைக் கட்டிப்பிடித்தவர்கள்

"மரத்தை வெட்ட வந்துட்டாங்க பாருங்க, மகராசி!"

ஜீப்பை விட்டு இறங்கும்போதே அர்ச்சனை தொடங்கிவிட்டது. நகரத் திட்ட அலுவலகத்து அதிகாரி காதில் விழாதது போல வரைபடத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

தெருவின் ஒரு பக்கம் வரிசையாக மரங்கள். தெருக்காரர்கள் மரத்துக்கு ஒருவராகக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். மறுபக்கம் வரிசையாகக் கார்கள். அவற்றை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. அவற்றுக்கு அன்றைக்கு ஆபத்து எதுவும் இல்லை.

அவள் வந்தது பஸ்ஸுக்கென்று தனிப் பாதை போட. தெருவுக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பில் யாருக்கும் கார் கிடையாது. வேலைக்குப் போவதற்கு மெயின் ரோடு வரை வெயிலில் நடக்கிறார்கள். போன கோடையில் ஒரு கர்ப்பிணிப் பெண் பஸ் ஸ்டாப்பை எட்டுவதற்குள் மயங்கி விழுந்தாள். வெயிலோ வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. ஊர்க் கார்களெல்லாம் கக்குகிற புகை அதை இன்னும் ஏற்றுகிறது. இந்தத் தெருவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் பஸ் திட்டத்தையே மூட்டை கட்டிவிடப் போவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

பாதைக்கு ஒரு பக்கத்தை எடுத்தாக வேண்டும். அவள் மரங்கள் நிற்கிற பக்கத்தில் கோடு போட்டிருந்தாள். அவளுடைய அலுவலகத்தில் அதுதான் எழுதாத சட்டம். மரம் மனு கொடுக்காது, கார்க்காரர்கள் கொடுப்பார்கள்.

தெருச் சங்கத்தின் தலைவர் முன்னால் வந்தார். மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற தொண்டை அவருக்கு. தெருவில் மைக் மாமா என்றுதான் பெயர்.

"பூமியே கொதிக்குதுன்னு நீங்கதான் போஸ்டர் ஒட்டறீங்க. நிழல் குடுக்கற மரத்தையும் நீங்களே வெட்டறீங்க. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா மேடம்?"

"பஸ் வந்தா புகை குறையும் சார். பின்னாடி இருக்கற ஜனங்க..."

"பஸ் வேணாம்னு நாங்க சொன்னோமா? எத்தனை பஸ் வேணும்னாலும் விடுங்க! மரத்து மேல மட்டும் கை வைக்காதீங்க. இதெல்லாம் மரமில்ல மேடம், எங்க வீட்டுப் பிள்ளைங்க."

அவர் மனைவி பிடித்த மரத்தை விடவில்லை. "நானே தண்ணி ஊத்தி வளர்த்ததும்மா. நீயும் ஒரு பொம்பளைதானே, வெட்ட எப்படி மனசு வருது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். வருகிற வழியெல்லாம் இவர்களைக் கரித்துக்கொட்டிக்கொண்டு வந்தவள் அவள். தெருமுனைக் கடைக்கே காரை எடுக்கிற கூட்டம், பஸ்ஸைத் தடுக்க மரத்தைச் சாக்கு வைக்கிறது என்று உதவியாளரிடம் வாய் கிழியப் பேசியிருந்தாள். இப்போது வெட்கமாக இருந்தது. வாயில்லாத மரத்தின் மேல் கோடு இழுத்தது இவர்களா, அவளா?

உதவியாளர் காதருகே குனிந்தார். "மேடம், எனக்கென்னமோ இவங்க மேல நம்பிக்கை வரல."

"சும்மா இருங்க. தப்பு நம்ம மேலதான்."

ஜீப்பின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்தாள். பழைய கோட்டை அடித்தாள். புதுக் கோடு ஒன்று இழுத்தாள்.

"சார், நீங்க சொல்றதுதான் நியாயம். ஒரு மரத்தைக்கூடத் தொட மாட்டோம். பஸ் பாதையை எதிர்ப் பக்கம் மாத்திட்டேன். சம்மதம்தானே?"

"சம்மதம்! முழுச் சம்மதம்!" என்று மைக் மாமா முழங்கினார்.

ஒரே கைதட்டல். மரங்களை விட்டுவிட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். அவர் மனைவி அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பே தாயி" என்றாள்.

கைதட்டல் அடங்கிய பிறகுதான் மைக் மாமா வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"எதிர்ப் பக்கம்னா... எந்தப் பக்கம் மேடம்?"

"கார் நிக்கற பக்கம் சார். இனிமே தெருவுல கார் நிறுத்த முடியாது."

"ஓஹோ" என்றார். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு மெதுவாக ஒரு சத்தம் வரும் என்று தெருவுக்கே அன்றுதான் தெரிந்தது.

"அப்ப காரை எங்க கொண்டு போய் விடறது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அதான் வாசல்லயே பஸ் வரப்போகுதே சார்" என்றாள் அதிகாரி சந்தோஷமாக. யாரும் சிரிக்கவில்லை. அவளும் அதைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கணவனிடம் சொன்னாள். "ஜனங்களை நான் ரொம்பக் கேவலமா நினைச்சுட்டேங்க. ஊருக்கு இப்படி ஒரு தெரு இருந்தாப் போதும்."

"உனக்கு எப்பவுமே அவசரம். யாரையும் பார்த்த உடனே எடை போட்டுடுவே" என்றான் அவன்.

மறுநாள் காலை, கார்கள் நிற்கிற பக்கம் பாதைக்கு அளவெடுக்க ஆட்களோடு வந்தாள். தெருமுனையிலேயே மோட்டார் ரம்பத்தின் இரைச்சல் கேட்டது. ஜீப்பிலிருந்து குதித்து ஓடினாள்.

முதல் மரம் தெருவுக்குக் குறுக்கே கிடந்தது. இலை இன்னும் வாடவில்லை. மைக் மாமாவின் மனைவி ரம்பக்காரரிடம் அடுத்த மரத்தைக் காட்டி, "கொஞ்சம் பார்த்துப்பா, கார் பக்கம் சாஞ்சுடப் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தார் மைக் மாமா.

"வாங்க மேடம்! யோசிச்சுப் பார்த்தா உங்க பழைய பிளான்தான் சரி. உங்க ஆளுங்களுக்கு ஏன் வீண் சிரமம்னு, நாங்களே வெட்ட ஆரம்பிச்சுட்டோம்."