பதினைந்து படம்

"உங்க சீட்ல வேணாம் சார். என் சீட்டுக்கு வந்து பாருங்க."

வேலையில் சேர்ந்த முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தார்கள். சீனியரை உன் மேஜைக்குக் கூப்பிடாதே. நீதான் போய் நிற்க வேண்டும்.

கீபோர்டுச் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தொடங்கியது.

சீனியர் முகுந்தன் எழுதியது மொத்தமே முப்பது வரி. புதிதாக கேம் செய்யப் பழகுகிறவர்களுக்கு நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் நிரல் லைப்ரரி. அதில் வைக்க ஒரு மாதிரி நிரல். திரையில் ஒரு பொம்மைப் பெண் ஓடுவாள். கேமரா அவள் பின்னாலேயே போகும். படிக்கிற பிள்ளைகள் அதை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வார்கள்.

அதைச் சரிபார்ப்பது, அவரைத் தன் சீட்டுக்குக் கூப்பிட்டவளின் வேலை.

சரிபார்ப்பது என்றால், பத்து நிமிடத்துக்குள் ஓகே பொத்தானை அழுத்துவது. ஐந்து மாதமாக அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.

இன்று அழுத்தவில்லை. பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்து அதில் ஓட்டிப் பார்த்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. மூடியில் முத்திரை பாதி தேய்ந்துவிட்டது.

முகுந்தன் வந்தார். உட்காரவில்லை.

திரையில் பெண் ஓடினாள். கேமரா கிளம்பவே யோசித்தது. அவள் திரையின் ஓரத்தை எட்டினாள். அப்புறம் காணோம்.

நீல வானம். வெறுந்தரை.

அவள் ஓடிக்கொண்டுதான் இருந்தாள். காட்டத்தான் யாருமில்லை.

தப்பு சின்னது. ஒவ்வொரு முறை படம் வரையும்போதும், மிச்ச தூரத்தில் இருபதில் ஒரு பங்கு நகரும்படி கேமராவுக்குச் சொல்லியிருந்தார். அவர் கணினி நொடிக்கு நூற்றிருபது படம் வரையும். இந்த லேப்டாப் பதினைந்துதான்; கேமராவும் அத்தனை முறைதான் நகரும். இடையில் எவ்வளவு நேரம் போனது என்று பார்க்க ஒரு வரி சேர்த்தால் போதும். அவள் எழுதியே வைத்திருந்தாள்.

முகுந்தன் அதைப் படிக்கவில்லை. சிரித்தார்.

"இந்த கவர்மென்ட் டப்பால எல்லாம் யாரும்மா கேம் செய்யப் போறா?"

"நான் செஞ்சேன் சார். இன்டர்வியூல விளையாடிப் பாத்தீங்களே, அது."

சிரிப்பு நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணிக்கு வெளியிட வேண்டும், ஓகே போட்டுவிடு என்றார். வெள்ளிக்கிழமை அவளை நிரந்தரம் செய்யும் அறிக்கையைத் தான்தான் எழுதப் போவதாகவும் சொன்னார். அக்கறையாகத்தான் சொன்னார், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில்.

போய்விட்டார்.

அப்பா லாரி ஸ்டாண்டில் ஒருத்தர் விடாமல் சொல்லி முடித்திருந்தார், மகளுக்கு வேலை நிரந்தரமாகப் போகிறதென்று.

திரையில் ஒரு செய்தி வந்தது. விடுடி, ஓகே போட்டுத் தொலை.

அனுப்பியது ரெபேக்கா. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலியைத் திருப்பினால் முட்டிக்கொள்வார்கள். திரும்பவில்லை.

லேப்டாப்பில் வானம் அப்படியே இருந்தது.

கல்லூரியில் முதல் வருடம் முழுக்க இந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் இப்படி எவரோ எழுதிக் கொடுத்த மாதிரி நிரல்தான். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்ப்பாள். எல்லாம் சரியாகவே இருக்கும். அப்போது கேட்க ஆளில்லை. கேட்கலாம் என்பதும் தெரியாது.

நிராகரிப்புப் பொத்தானை அழுத்தினாள். காரணம் என்று ஒரு பெட்டி திறந்தது. இங்கே யாரும் அதை நிரப்பியதில்லை.

தன் ஒரு வரியை முதலில் ஒட்டினாள். கீழே எழுதினாள்.

'இதை எடுத்துப் படிக்கிற பிள்ளை, தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும்.'

அனுப்பினாள். தளம் முழுக்க எல்லோர் திரையிலும் ஒரே நேரத்தில் வந்திருக்கும்.

யாரும் தலை தூக்கவில்லை.

லேப்டாப், சார்ஜர், தண்ணீர் பாட்டில். பையில் வைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வாசலில் செக்யூரிட்டி நோட்டைத் தள்ளினார்.

"டீக்காம்மா?"

பெயர் எழுதினாள். வெளியே போகும் நேரம், மூன்று நாற்பது.

திரும்பி வரும் நேரம் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள். பேனாவைக் கொடுத்துவிட்டு வெயிலில் இறங்கினாள்.