மகாராணி போன வழி

பன்னின்னதும் மூக்கைச் சுளிக்காதீங்க. அதோட முதுகுத்தண்டு கிட்டத்தட்ட நம்மளது அளவே இருக்குமாம். அதனாலதான், கீழ விழுந்து கால் வராமப் போனவங்களுக்கான மருந்தை எங்க ஆராய்ச்சிக்கூடத்துல முதல்ல பன்னிக்குக் குடுத்துப் பாக்கறாங்க. கொட்டடி கழுவறது என் வேலை.

அதுல ஒரு பொட்டைப் பன்னி, இவளுக்கு மருந்தும் கிடையாது. மருந்து குடுத்த பன்னிகளோட ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகத் தண்டுல காயம் மட்டும் பண்ணி விட்டிருந்தாங்க. பின்னங்கால் ரெண்டையும் இழுத்துக்கிட்டே வந்து என் வாளியைக் கவுப்பா. பேர் வைக்கக்கூடாதாம். நான் மகாராணின்னுதான் கூப்பிடுவேன்.

இன்னைக்கு ஊசி போட்டு அவளை முடிச்சு, தண்டை எடுத்துப் பாக்கற நாள்.

“வேணாம் டாக்டர். நேத்து பின்னங்காலால என்னை உதைச்சா.”

“உதைக்கவே முடியாதும்மா. ஸ்கேன்ல பாத்தாச்சு.”

“ஸ்கேனைப் பாத்தீங்க. என் முழங்காலைப் பாத்தீங்களா?”

சிரிச்சுட்டு, ஆள் வெச்சு அவளைத் தூக்கி வண்டில படுக்க வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போனார். அப்பத்தான் நடையைக் கழுவி விட்டிருந்தேன். ஈரத்துல சக்கரக்கோடு விழுந்தது. பக்கத்துலயே குளம்புத் தடமும் விழுந்துக்கிட்டே வந்தது. நாலு காலும். மகாராணி வண்டி மேல படுத்துக்கிட்டு என்னையே பாத்தா.

ஆபரேஷன் ரூம் வாசல்ல வண்டி உள்ள திரும்புச்சு. தடம் திரும்பலை. நேரா பூட்டின கம்பிக் கதவைத் தாண்டி, வெளியில சேத்துல போச்சு.

டாக்டர் குனிஞ்சு தடத்தைப் பாத்தார். “துடைச்சிடுங்கம்மா.”

“மாட்டேன். வேலையை விட்டு அனுப்பினாலும் மாட்டேன்.”

வாசல்லயே வண்டியை மறிச்சு நின்னேன். வெளியில, சேத்துல, அடுத்த தடம் விழுந்துச்சு.