ரத்தான தாள்

அலுவலகத்தில் 'சிவப்பு மை' என்று பெயரெடுத்தவர் தன் பரிசுப் பொட்டலத்தைக் கிழிக்கவில்லை. ஒட்டியிருந்த டேப்பை ஓரத்திலிருந்து நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

அதுதான் அவர். எதையும் அவசரமாகச் செய்தால் அவர் உடம்புக்கு ஆகாது.

எதிர் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் இருந்தவள் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில், வருடத்தின் கடைசி வேலைநாளில் பரிசு மாற்றிக்கொள்வார்கள். யார் யாருக்குக் கொடுப்பது என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வாங்கியவர் எல்லோர் முன்னிலையிலும் பிரிக்க வேண்டும். கொடுத்தது யாரென்று ஒரே ஒரு முறை ஊகிக்கலாம். சரியாகச் சொல்லிவிட்டால், கொடுத்தவர் எழுந்து நின்று வாங்கியவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

பதினான்கு பேரில் அவள் கைக்கு வந்தது சிவப்பு மையின் சீட்டு. வரைபடங்களைச் சரிபார்ப்பவர். அவர் பேனா படாமல் ஒரு தாளும் வெளியே போகாது.

ஏழு மாதங்களுக்கு முன் அவள் வரைந்த பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஓர் அளவு தவறிவிட்டது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவரோ தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "ஏம்மா, இந்தப் படியில யாரு ஏறப் போறா? எறும்பா?" என்றார்.

அன்றிலிருந்து அவள் பெயர் எறும்பு. தேநீர் கொண்டுவரும் அம்மாகூட, "எறும்புக்குச் சர்க்கரை தூக்கலா போடவா?" என்றுதான் கேட்கிறாள்.

அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை! பத்து நாள் யோசித்தும் கிடைக்கவில்லை.

"நல்லா தும்முவாருன்னு சொல்லேன்" என்றான் கணவன். அவர் தும்மினால் வாசலில் காவலாளி எழுந்து நிற்பார் என்று அவள்தான் வீட்டில் நடித்துக் காட்டியிருந்தாள்.

அதனால் மாட்டாமல் இருப்பதுதான் வழி என்று முடிவு செய்தாள். ஆறு வெள்ளைக் கைக்குட்டைகள் வாங்கினாள். கொடுத்த ஆளைக் காட்டிக்கொடுக்காத பரிசு.

ரத்தான வரைபடத் தாளில், வெற்றுப் பக்கம் வெளியே தெரியும்படி பரிசைச் சுற்றுவது அங்கே வழக்கம். அதற்கென்று ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தாள். காலையில் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது, "நான் சுத்தித் தரேன், நீ கிளம்பு" என்றான் கணவன். நல்ல மனசுதான். ஆனால் மேசையைப் பார்க்காமல், அலமாரி மேல் சுருட்டி வைத்திருந்த தாளை எடுத்திருக்கிறான்.

அது இப்போதுதான் தெரிந்தது.

டேப் உரிந்து தாளின் மூலை மடங்கியபோது, உள்ளே ஒரு சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் படிக்கட்டு. பக்கத்தில் அவருடைய கையெழுத்தில், "எறும்புக்கா?"

அதுகூடப் பரவாயில்லை. எறும்பு என்று பெயர் வாங்கிய அன்று மதியம் சாப்பிடாமல், அழவும் செய்யாமல், அந்தப் படிக்கட்டின் உச்சியில் பென்சிலால் அவள் ஒரு காக்கையை உட்கார வைத்திருந்தாள். காக்கைக்குக் கண்ணாடி. இறக்கை இடுக்கில் ஒரு பேனா. முகத்தில் பாதிக்கு மூக்கு. அடியில் கொட்டை எழுத்தில், "கிழட்டுக் காக்கா".

தாள் அவர் மடியில் முழுதாக விரிந்தது.

அவர் கைக்குட்டைகளைப் பார்க்கவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். சிவப்பு மை தாளைச் சட்டென்று கவிழ்த்தார்.

"யாருன்னு சொல்லுங்க சார்!" கூட்டம் கத்தியது.

அவர் நிமிர்ந்தார். கண்ணாடி ஒவ்வொரு முகமாக நகர்ந்து வந்தது. அவள் முகத்தில் நின்றது.

பெயரைச் சொன்னால் அவள் எழுந்து நிற்க வேண்டும். தாளைக் காட்டினால் இந்த அலுவலகத்தில் அவளுக்கு நிற்கவே இடமிருக்காது. நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மேனேஜர்தான். இவ்வளவு சிக்கனமா வேற யாரு குடுப்பா?"

சிரிப்பில் அறை அதிர்ந்தது. மேலாளரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் இல்லை என்று கையை ஆட்டினார். ஊகம் தப்பு. ஆட்டம் அடுத்தவருக்குப் போனது.

சிவப்பு மை சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மடியில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. பிறகு தண்ணீர் குடிக்க எழுந்து போகிற வழியில், நாலாக மடித்த தாளை அவள் மடியில் வைத்தார்.

"குப்பையில போட்டுரும்மா."

கைப்பைக்குள் மறைத்துப் பிரித்தாள்.

காக்கையின் மூக்கைச் சுற்றி ஒரு புதுச் சிவப்பு வட்டம். "அளவு போதாது. நீட்டவும்."

அதற்குக் கீழே, "எறும்புக்கா?" என்ற பழைய எழுத்தின் மேல் அளவுகோல் வைத்தது போல நேராக ஒரு கோடு. பக்கத்தில், "பிழை என்னுடையது." கையெழுத்து. இன்றைய தேதி.

அவள் எழுந்து நின்றாள்.

முறை வரவேற்பறைப் பெண்ணுடையது. பாதி திறந்த பெட்டியோடு அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"மூக்கு அளவு சரியாத்தான் இருக்கு, சார். திருத்தம் வேண்டாம்."

யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தண்ணீர்க் குவளையோடு நின்ற சிவப்பு மை, புதுக் கைக்குட்டை ஒன்றை உதறி முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

அறை மொத்தமும் தும்மலுக்காகக் காத்திருந்தது.

தும்மல் வரவே இல்லை.