பலெர்மோவில் இரண்டாவது பாட்டு

இத்தாலியின் பழைய நகரமான பலெர்மோவில், கோடை மாலைகளில் சதுக்கத்து மதுக்கடை மேசைகளுக்கு நடுவே நின்று பாடுவது குகதாசனின் வேலை. அன்று முதல் பாட்டு முடிந்ததும், புதிதாகச் சேர்ந்த பரிசாரகன் ஒரு தம்ளரை நீட்டினான்.

“தண்ணி குடி” என்றான் கொச்சைத் தமிழில்.

குகதாசன் தம்ளரை வாங்கினார்; குடிக்கவில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன், ஊரில் ராணுவ விசாரணை முகாமில் அவர் கண்ணைக் கட்டி அடித்தவன், அடித்து ஓய்ந்ததும் இதே குரலில்தான் இப்படிச் சொல்வான். அவன் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

“யாழ்ப்பாணமா?” என்று கேட்டான் பரிசாரகன்.

“இல்லை... இந்தியா” என்று பொய் சொன்னார் குகதாசன்.

பரிசாரகன் அவரையே உற்றுப் பார்த்தான். “உன் குரல் நான் எங்கயோ கேட்டது.”

மேசைகளில் கைதட்டல் எழுந்தது. அடுத்த பாட்டுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். காலித் தட்டை மார்போடு அணைத்தபடி அவனும் காத்து நின்றான். குகதாசன் வாயைத் திறந்தார்.